குழுவில் கேட்கக் கூடாத கேள்வி

அன்பு மகனுக்கு,

உடல்நலமும் நல்ல உறக்கமும் உனக்குக் குறைவின்றி வாய்த்திருக்கும் என்ற நம்பிக்கையுடன் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் தந்தையைப் பற்றி எழுதவே இம்மடல். கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டேன், சன்னல் வெளிச்சம் அவர்மீது படுகிறது, முதுகுப்புண் ஆறி வருகிறது, உன் அத்தை வாரம் ஒருமுறை வந்து மெத்தையில் காற்றுக் குறைவென்று என்னிடம் குற்றம் கண்டுபிடித்துவிட்டுத் தேநீர் அருந்திப் போகிறாள்.

பக்கவாதக்காரர்களைப் பராமரிப்போரின் இணையக் குழு ஒன்றில் நான் சேர்ந்ததை உனக்குச் சொன்னதில்லை. அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். அச்சகத்தில் தாள் மடித்தபடியே எழுத்துக் கற்றவள் என்ற கர்வத்தோடு, "மதிப்பிற்குரிய குழுவினருக்கு" எனத் தொடங்கி நான்கு பத்தி எழுதி, என் கணவர் எப்போது குணமடைவார் என்று முடித்திருந்தேன். பதிலாக வந்தவை அனைத்தும் கேலியாகக் கைதட்டும் படங்கள். ஒன்பது ஆண்டுகளாக மனைவியைத் தூக்கிக் குளிப்பாட்டும் பேருந்து ஓட்டுநர் ஒருவர், டிரைவரண்ணன் என்பார்கள், "யக்கா, கேள்வி கேட்டீங்களா, கல்யாணப் பத்திரிகை அடிச்சீங்களா? எந்தப் பக்கம் விழுந்திருக்கு, எத்தனை மாசம், வயசு என்ன, மூணே வரி. எப்ப சரியாகும்னு மட்டும் இங்க கேக்கக் கூடாது" என்றார். மறுவாரம் ஒரு பெண், தன் தாய் 'டிஸ்சார்ஜ்' ஆனதாக எழுதியபோது நான் மனமார வாழ்த்தினேன். இறப்பை அங்கே அப்படித்தான் குறிப்பார்கள் என்று எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு நானும் கற்றுக்கொண்டேன், எழுத்தைப் போலவே, எவரும் சொல்லித்தராமல். இப்போதெல்லாம் புதியவர்களுக்கு முதல் கைதட்டு பெரும்பாலும் என்னுடையது. உன்னிடம் மறைப்பானேன், அது இனித்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை புதிதாக ஒருவர் வந்தார். "ஃப்ரெண்ட்ஸ், அப்பாவுக்கு எப்ப சரியாகும்? அதுக்கேத்த மாதிரி நான் லீவு போடணும்" என்று ஒற்றைக் கேள்வி. நான் கைதட்டிவிட்டு, "தம்பி, லீவு தேதியச் சொல்லுங்க, அதுக்குள்ள எந்திரிச்சு நிக்கணும்னு அப்பாகிட்ட கண்டிசனாச் சொல்லிடலாம்" என்று எழுதினேன். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டுநர், "ஊசி சரியான எடத்துல ஏறிடுச்சு" என்று மெச்சினார். அதன்பின் அந்தப் புதியவர் மீண்டும் எழுதினார்: "சாரி. அப்பாவுக்கு 'போதும்'ங்கற ஒரு வார்த்தைதான் வருதாம். பசிச்சாலும் அதான், வலிச்சாலும் அதான். அம்மாகிட்ட கேக்க பயமா இருக்கு." உடனே குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித் தொலைபேசியில் நான் உன் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன். அன்று 'ஊசிநூல்' என்ற புனைபெயரில் உன்னைக் குத்தியவள் நான்தான்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே கைதட்டுவது ஏனென்றால், விடை எல்லோருக்கும் தெரியும். உன் தாயிடம் கேட்க அஞ்சி, ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேட்டாய். அவர்களாவது ஒரு பொய் சொல்வார்கள் என்று எண்ணியிருப்பாய். அந்தப் பொய்யை இத்தனை மாதம் சொல்லி வந்தவளே நான்தான். "முன்னேற்றம் தெரியுது" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன் அல்லவா, அப்படி எதுவும் தெரியவில்லை. சரியாகாது என்று மருத்துவர் முதல் மாதமே சொல்லிவிட்டார். பத்து நாட்களுக்கு முன் மீண்டும் ஒரு தாக்கு வந்தது. இப்போது உன் அத்தை வந்தால் யாரோ என்று பார்க்கிறார். உன் படத்தைக் காட்டினால் ஒருநாள் கண் நிற்கிறது, ஒருநாள் நகர்ந்துவிடுகிறது. அவர் எழுந்து நடக்கும் நாளுக்கென்று நீ சேர்த்து வைத்திருக்கும் விடுப்பை இந்த வாரமே எடு.

நெஞ்சுரத்தோடு நெடுங்காலம் வாழ்வாயாக. புறப்படுமுன் மறவாமல் தாடியை மழித்துவிடு. தாடி வைத்த உன்னை அவர் பார்த்ததில்லை. புதிதாக ஒரு முகத்தைக் கற்றுக்கொள்ள அவருக்கு இனி இயலாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்