கறுப்பு வண்டியும் வலது கண்ணும்

பெப்ரவரி 17, 1964. திங்கள்

விடியற்காலை கை விறைக்கும் குளிர். ஒன்பது மணிக்கெல்லாம் பளிச்சென்று மாசி வெயில். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் தொல்லை.

டிஸ்பென்சரியில் கூட்டம். இருமல், வயிற்றுப்போக்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் ஒன்று. மிக்சர் ஊற்றும் முன் ஒவ்வொரு போத்தலையும் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். லேபிள் தெரியவில்லை என்று யாரிடம் சொல்வது? வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம்: "நம்ம டாக்டரய்யா மருந்த மோந்து பாத்துத்தான் குடுப்பாரு. எங்க வீட்டுக்காரரு கருவாடு வாங்குற மாதிரி." ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். நான் டாக்டரும் இல்லை, மருந்து கலக்கப் படித்தவன். தோட்டத்தில் அதுவே டாக்டர்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை. வலதில் அதிகம். வெயில் பட்டால் கூசுகிறது. வேறு யாராவது இந்தக் கண்ணோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பேன். இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று திட்டியும் இருப்பேன்.

வெளியில் சொன்னால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இதற்கெல்லாம் முன்னால் என் வண்டி, அந்தக் கறுப்புக் கார், போகும். யோசித்துப் பார்த்தால் அதுதான் முதலில் வலிக்கிறது. வெட்கம், ஆனால் உண்மை.

பெப்ரவரி 19, புதன்

சாயங்காலம் ஃபேக்டரிப் பக்கம். தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கர் ராமலிங்கத்தோடு தேநீர். இந்தத் தோட்டத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதர். பேச்சு எங்கே தொடங்கினாலும் முதல் வண்டியில் போய் நிற்கும். இன்றும் அப்படித்தான்.

அவருடைய முதல் வண்டி கேன்வாஸ் கூரை போட்டது. செங்குத்தான ஏற்றத்தில் பெட்ரோல் வழிந்து இஞ்சினுக்கு வராதாம். அதனால் ராகலை ஏற்றம் முழுவதும் பின்பக்கமாகவே ஏறுவாராம். "எதிர்ல எறங்கி வர்ற பஸ்காரன், நமக்கு முன்னால எறங்கிப் போற வண்டின்னு நெனைப்பான். பாத்தா கிட்ட கிட்ட வருது! பயந்து போயி ஹாரன அமுக்கிக்கிட்டே நிப்பான்." எத்தனையாவது தடவையோ. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் கறுப்பி, தோட்டத்து உதவி மானேஜர் சின்னத்துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. எனக்கு அதுவே முதல், அதுவே கடைசி. வாங்கிய அன்று மூன்றாவது கியர் இருப்பதே தெரியாமல் ஹட்டனிலிருந்து வட்டகொடை வரை இரண்டாவதிலேயே வந்தேன். இஞ்சின் அலறுகிறது. கல்யாணமாகி ஒரு மாதமான சரசு, வளைவில் தலை சுற்றாமல் இருக்க இஞ்சியை மென்றபடி, "ரொம்ப வேகமாப் போறோமோ?" என்றாள். அந்த நேரம் சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போனான். அவள் மானத்தைக் காப்பாற்ற நான் கவனிக்காதது போல இருந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற அவளும்.

டீமேக்கர் கேட்டார், "வண்டிய வித்துட்டுப் புதுசு பாக்கலாமே?" விற்பதாவது.

பெப்ரவரி 22, சனி

ஹட்டன். மருந்து ஸ்டாக் எடுக்க நான், சந்தைக்குச் சரசு.

காலையில் அவள் பேப்பர் வாசித்தாள். (கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்று வழக்கமான பொய்.) இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து தோட்டங்களுக்கும் வரப்போகிறதாம். ஊசி இல்லை, குழந்தை வாயில் விட்டால் போதும். நல்ல செய்தி. ஊசி என்றாலே லயத்து வரிசை வீட்டுத் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிடுகிறார்கள். அதே பக்கத்தில் விளம்பரம்: கத்தியில்லாமல் கண்புரையைக் கரைக்கும் அற்புதச் சொட்டு மருந்து. அதையும் அதே குரலில் வாசித்து முடித்துப் பேப்பரை மடித்தாள்.

பார்மஸியில் கேட்டதில் பாதி இல்லை. கடைக்கார நானா கையை விரித்தார். "சாமான் கொழும்புலயே இல்ல ஐயா. வந்தா மொத ஒங்களுக்குத்தான்." சரசு மரக்கறி வாங்கப் போன பிறகு மெதுவாக அந்தச் சொட்டு மருந்தைக் கேட்டேன்.

"யாருக்கு ஐயா?"

"ஒரு வயசான ஆளுக்கு."

வயதில் பொய்யில்லை. லேகியக்காரனிடம் ஏமாந்து வருகிறவர்களை வாய் கிழியத் திட்டுகிறவன் நான். காகிதத்தில் சுற்றி உள்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பனி. டர்பன்டைன் மரநிழல் முடிந்து வளைவைத் திரும்பியதும் எதிரே ஒரே வெள்ளை. நிறுத்திவிட்டேன்.

"பனி எறங்கிருச்சு சரசு."

என் பக்கம் திரும்பினாள், வளையல் சத்தம். பிறகு "ஆமாங்க" என்று இறங்கினாள். பனி மூடினால் கூட வருகிறவர் வெள்ளைத் துணியைக் காட்டியபடி வண்டிக்கு முன்னால் நடப்பது இந்த ரோட்டில் எல்லோரும் செய்வதுதான். என் துண்டைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். "வாங்க… வாங்க… எடது பக்கம் தண்ணிக் கான், பாத்து…" அவள் குரலைப் பிடித்துக்கொண்டே நான். மேலே மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பனிக்குள் ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைத்தேன். பயத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

சொட்டு மருந்து மூன்று தடவை. எரிச்சல். ரோஜா வாசனை. வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 24, திங்கள்

டீமேக்கர் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். தலைவலி மாத்திரை என்ற சாக்கு, உண்மையில் கேலி செய்யத்தான்.

"என்னங்க டாக்டரய்யா, சனிக்கிழம அம்மாவ ஊர்வலம் விட்டீங்களாமே? மலையெல்லாம் இதே பேச்சு. சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல, தோள்ல வெள்ளத் துண்டோட அவங்க முன்னால, வண்டி பின்னால…"

"பனி" என்றேன்.

சிரிப்பு நின்றது. "சனிக்கிழம எங்கயும் பனி இல்லீங்க ஐயா."

வெளியே யாரோ இருமினார்கள். பிறகு டீமேக்கர் ரொம்ப மெதுவாக, "எவ்வளவு நாளா?" என்றார்.

அவர் போன பிறகு உட்கார்ந்தே இருந்தேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் பயம். வெயிலையும் பனியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் ஓட்டிய வண்டிக்கு இரண்டு முழம் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு சரசு. கால் வழுக்கியிருந்தால்? அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்டேன்.

"சனிக்கிழம வெயிலா சரசு?"

"நல்ல வெயில்."

"அப்ப ஏன் எறங்கின?"

"பனின்னு நீங்கதானே சொன்னீங்க." குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இல்லன்னு சொல்லியிருந்தா வீம்புக்கு ஓட்டியிருப்பீங்க. நான் முன்னால நடந்தா மெதுவா வருவீங்கல்ல."

"ஒம்மேல வண்டிய ஏத்தியிருப்பேனேடி."

"மாட்டீங்க. அப்பளம் வைக்கவா?"

அழுதுவிட்டேன். சோற்றுத் தட்டின் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி. அவள் அப்பளத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெப்ரவரி 25, செவ்வாய்

மானேஜர் துரையிடம் கண்ணைப் பற்றிச் சொல்லியாயிற்று. கத்துவார் என்று போனேன். கத்தவில்லை. ஆபரேஷன் முடியும் வரை லீவு. பக்கத்துத் தோட்டத்து மருந்துக்காரர் காலையில் வந்து பார்ப்பார். அதற்குப் பிறகு? பார்வை வந்த பிறகு பேசலாம் என்றார். பார்வை வந்தால் என்று சொல்லவில்லை, அதற்கே கும்பிட்டேன்.

மருந்து அலமாரிச் சாவி ஆபீசில். வண்டிச் சாவி டீமேக்கரிடம். இரண்டாவதைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அவரும் பிடுங்கவில்லை, நான் விடும் வரை காத்திருந்தார்.

சரசு என் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்தாள். "இது என்னங்க?" ரோஸ் தண்ணி என்றேன். முகர்ந்து பார்த்து, "சரிதான்" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

வட்டகொடை ஸ்டேஷன். கண்டிக்கு ரயில் வர இன்னும் நேரம். பென்சிலில், பெரிய பெரிய எழுத்தாக.

முதலில் வலது கண். ஆபரேஷன் முடிந்தால் தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். எத்தனையோ பேரிடம் "ஒண்ணும் பயமில்ல, போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

டீமேக்கர்தான் ஓட்டி வந்தார். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நானும் சரசுவும் பின்சீட்டில். "பொண்ணு மாப்புள மாதிரியே இருக்கீங்க" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் என் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது இன்றுதான்.

முதல் குழியிலேயே முதுகில் சுரீரென்று ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தேன். ஸ்பிரிங் உடைந்து சீட்டுத் தோலைத் துளைத்து வெளியே நிற்கிறது. துரு. புதிதாக உடைந்தது இல்லை, வருடக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கும். பிரசவ வலியில் எத்தனை பெண்களை இந்தச் சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறேன். காய்ச்சல்காரர்கள், கால் ஒடிந்தவர்கள்.

"ஏன் சரசு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்க வண்டியப் பத்தி ஒங்ககிட்டயே யாருங்க கொற சொல்லுவா?"

இறங்கும்போது அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் கையெடுத்துக் கும்பிட்டு, "சொகமா வந்து சேந்தோம் சாமி" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரயில் வந்துவிட்டது.