நான்கு மணி நேர வித்தியாசம்

மார்ச் 4

இன்றும் வானொலி நிலையத்துக் கணினியில் கடிகாரம் நான்கு மணி நேரம் முந்திவிட்டது. காலை எட்டுக்கே நண்பகல் ஜெபம் தானாக ஒலிபரப்பாகி, கடைத்தெருவே சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

காரணம் தெரிந்ததுதான். நான் ஒலிபரப்புவது விண்டோஸில். என் கணவன் செனோன் பாட்டுகளை வெட்டி ஒட்டுவது அதே கணினிப் பெட்டியில், லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கடிகாரம் பொலிவிய நேரம் காட்டுவதாக விண்டோஸ் நம்புகிறது, அதைவிட நான்கு மணி நேரம் முந்திய உலகப் பொது நேரம் காட்டுவதாக லினக்ஸ் நம்புகிறது. அவன் தன் பக்கத்தைத் திருத்தினால் என் பக்கம் கெடும். இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் போதும். யார் மாற்றுவது?

"உலகமே ஒரு நேரத்தை வச்சிருக்கு. உன் விண்டோஸுக்கு மட்டும் என்ன கேடு? நீ மாத்து."

"நாம ஒலிபரப்புறது உலகத்துக்கா, இந்த ஊருக்கா? நீ மாத்து, மகராசா."

மார்ச் 9

கையால் திருத்தினேன். நாளைக்கும் இதே பிழைப்பு.

மார்ச் 14

நேற்று அலுப்பில் கடிகாரத்தைப் பார்க்காமல் விட்டேன். எங்கள் ஊர்க் காசில்டாவின் செத்துப்போன கணவரின் அடக்க அறிவிப்பை மாலை ஆறுக்கு, சுரங்கத்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு, வைத்திருந்தேன். பகல் இரண்டுக்கே ஓடி முடிந்துவிட்டது. யார் காதிலும் விழவில்லை. இன்று காலை கல்லறைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காசில்டா நிலையத்துக்கே வந்துவிட்டாள். "ஆயுசு பூரா சுரங்கத்துல கிடந்த மனுஷன். தூக்க ஆளில்லாம பண்ணிட்டீங்களே, ரெண்டு பேரும்!"

ரெண்டு பேரும். அதுதான் சுட்டது. வீட்டுக்கு வந்து, உன்னால்தான், உன்னால்தான் என்று கத்திக்கொண்டோம். செனோன் போர்வையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் படுக்கப் போய்விட்டான். சே, கடிகாரத்துக்காகவா இந்தச் சண்டை?

மார்ச் 17

கொச்சபம்பாவிலிருந்து அக்கா பேசினாள். "அங்க என்னடி இருக்கு உனக்கு? கிளம்பி வா." இருபதாம் தேதி காலைப் பேருந்துக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. பேச்சுத்தான் இல்லையே.

மார்ச் 19

செனோன் கம்பி வாங்க ஒருரோ நகரத்துக்குப் போயிருந்தான். விண்டோஸை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவைத்தேன். தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். நான் போன பிறகு இன்னொரு சாவுச் செய்தி கெடக் கூடாது.

மார்ச் 20

பையோடு நிலையத்துக்குப் போனேன், சாவியை வைத்துவிட்டு வர. கடைசியாக ஒருமுறை கணினியைத் திறந்தேன். விடிந்து ஏழு மணி. கடிகாரம் மூன்று என்றது.

முந்தவில்லை. பிந்தியிருக்கிறது! இதுவரை ஒருநாளும் பிந்தியதில்லையே. நான் மாற்றியது தப்பா? இல்லை. இதற்கு ஒரே வழிதான் உண்டு: அவனும் தன் லினக்ஸைப் பொலிவிய நேரத்துக்கு மாற்றியிருக்கிறான்.

செனோன் பின்னால் வந்து நின்றான். திரையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "நீயும் மாத்திட்டியா?"

"நீ எப்ப மாத்தினே?"

"நேத்து ஊர் திரும்பினதும். காசில்டா மூஞ்சி கண்ணுலயே நிக்குது." பிறகு மெதுவாக, "எந்தப் பஸ்?"

அழுதுவிட்டேன்.

"சரி, இப்ப யாராவது ஒருத்தர் பழையபடி மாத்தணும்," என்றான்.

"நீ மாத்து" என்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டு, நானே உட்கார்ந்து மாற்றினேன்.

மார்ச் 22

காசில்டா கணவரின் ஒன்பதாம் நாள் பூசை. நேற்று மாலை ஆறுக்கு அறிவிப்பு சரியாக வந்தது. இன்று கோயிலில் உட்கார இடமில்லை. நானும் செனோனும் பின்னால் நின்றுகொண்டே இருந்தோம்.