காசானுக்கு ஊற்றிய கஞ்சி

சேசு மரி சூசை துணை.

கிள்ளான், மலாயா, 1909 ஆகஸ்டு 12

மரியாதைக்குரிய உங்களுக்கு மகதலேனா எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் இருமல் எப்படி? அங்கே நம் பேரப்பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா?

சீமைச் சர்வகலாசாலையிலிருந்து இரண்டு பண்டிதர்கள் சர்க்கார் செலவில் வந்து, ரோடு போடும் சீனருக்கும் ஜாவாக்காரருக்கும் கால் வீங்கி உயிர் போவது ஏன் என்று ஆராய்கிறார்கள். ஒரு கொட்டகைக்குத் தீட்டிய வெள்ளையரிசி. மற்றதற்குப் புழுங்கலரிசி, அதற்கு நான்தான் சமையல். புழுங்கல் தின்கிற நம் ஆட்களுக்கு அந்த நோய் வருவதில்லை என்று, ஐந்தாம் வகுப்பு படித்த நான் முதல் நாளே சொன்னேன். என் பேச்சைக் கேட்டால் பட்டம் குறைந்துவிடும் போல.

வெள்ளையரிசிக் கொட்டகையில் காசான் என்ற ஜாவாக்காரன் கால் வீங்கிப் படுத்துவிட்டான். புழுங்கல் கஞ்சி கொண்டுபோனேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் லியனார்ட் மறித்தான்.

“வேணாம் பாட்டி. அவனுக்கு என்ன ஆகுதுன்னு தொரை பாக்கணுமாம்.”

“பாத்தாச்சில்ல? இன்னும் என்ன, சவப்பெட்டிக்கு அளவெடுக்கணுமா?”

விலகி வழி விட்டான். மூன்று வாரம் ஊற்றினேன். நேற்று காசான் தானாகக் கிணற்றடிக்கு நடந்தான். பண்டிதர்களில் ஒருவர் விசாரித்தார், மறைக்காமல் சொன்னேன். தம் நோட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, ‘கெட்டுப்போனது’ என்று எழுதிக்கொண்டார். பிழைத்தவனுக்கு அந்தப் படிப்பில் அதுதான் பெயர்.

என் வேலை போகலாம் என்கிறார்கள், கவலைப்படாதீர்கள். சுண்டைவற்றல் அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி, இருமலைப் பற்றி மட்டுமாவது.

வெள்ளையரிசிக் கொட்டகையில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தேன். கொதித்துவிட்டது, போகிறேன்.

மகதலேனா