மாமா எடுத்த மைலேஜ்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டிருந்தாய். ஹைபிரிட் என்று பேர்தான், முதல் மாதம் பெட்ரோலாகக் குடித்தது. தப்பு எங்கள் மேல்தான். பழைய டீசல் வேன் ஓட்டிய பழக்கத்தில் என் வீட்டுக்காரர் மேலுமலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டுவிடுவார். இறங்கும்போது கியரில் இருந்தால்தான் பேட்டரி சார்ஜ் ஏறும் என்று மாமா இருந்தபோது எத்தனை தடவை சொன்னார்! அப்போது யார் காதில் வாங்கினோம்?

இப்போது பாப்பாவைக் கால் பயிற்சிக்கு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வாடகைக் காருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆவதில்லை. ஒரு வாரமும் தவறவில்லை. நேற்று அவளே கதவைப் பிடித்து ஏறினாள், அக்கா. "சும்மா நிற்பதைப் பார்க்க முடியவில்லை, எடுத்துப் போ" என்று நீ சாவியைக் கொடுத்த வண்டியில்.

இதுவரை எடுத்த உச்ச மைலேஜ் என்று திரையில் ஒரு எண் இருக்கிறது, இருபத்து மூன்று. மாமா ஓட்டி எடுத்தது. நேற்று திரும்பும்போது குருபரப்பள்ளி தாண்டியதும் அதை நெருங்கிவிட்டோம்.

"இன்னும் கொஞ்சந்தாங்க, மெதுவா போங்க" என்றேன்.

இவர் ஏசியை முழுசாக வைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எங்கள் எண் இறங்கிவிட்டது.

"அது அண்ணன் எடுத்தது. அப்படியே இருக்கட்டும் விடு" என்றார்.

வீணாய்ப்போன பெட்ரோலுக்கு எங்களைத் திட்டாதே.

உன் தங்கை