வெயிலில் கொப்புளித்த பலகை

லாஸ் வேகாஸ்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் ஒற்றை அறை வீட்டுக்கு மாறினேன். நீங்கள் செதுக்கித் தந்த அலைச்சறுக்குப் பலகைக்கு இடமில்லாததால், ஹவாயில் நம் ஊர் வையானேயில் செய்வதுபோலக் காரின் கூரையிலேயே கட்டி விட்டுவிட்டேன். இது பாலைவன வெயில் என்பது உறைக்கவில்லை. மூன்றே நாளில் மேல்தோல் கொப்புளித்து, உள்ளிருக்கும் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் கவிகா, அவனும் நம் ஹவாய்தான், ஹிலோ ஊர்க்காரன், விரலால் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது செத்துப்போச்சு. ஒட்டுனாலும் நிக்காது. கடலே இல்லாத ஊர்ல பலகையைக் கொன்ன ஒரே ஆளு நீங்கதான்!"

நானும் சிரித்தேன். அலையில் உடைந்திருந்தால் உங்களிடம் சொல்ல ஒரு கதையாவது இருந்திருக்கும். இங்கு வந்த நான்கு வருடத்தில் அது ஒருமுறைகூட நனையவில்லை. இப்போது சாப்பாட்டு மேசையை வெளியே போட்டுவிட்டு அதை உள்ளே வைத்திருக்கிறேன். தனியாகச் சாப்பிட மேசை எதற்கு?

பலகைக்குப் பூசும் மெழுகு ஒரு கட்டி அனுப்புங்கள். பூசுவதற்கு அல்ல, அந்தத் தேங்காய் வாசனைக்குத்தான்.

புதிய பலகைக்கு நுரைக்கட்டை வாங்கி வைத்திருப்பதாகவும், நான் எப்போது வருவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை அங்கே கடலுக்குப் போகிற யாருக்காவது செதுக்கிக் கொடுத்துவிடுங்கள், அப்பா.

ஹோட்டல் வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
புவானானி