உறுமியைக் கொல்லச் சொன்னவன் நான்

என் அன்புத் தங்கச்சி செல்விக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் நாவலின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று தொடங்கலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதியை நீ உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

மற்றவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். மழையை அழைக்கத் தெரிந்த பெண் பவளம். அவளோடு திரியும் காட்டுக் கரடி உறுமி. அவள் பிடித்து வளர்த்த கரடி அல்ல அது. கயிறு கிடையாது, கூண்டு கிடையாது. தானாக வந்தது, எந்நேரமும் உறுமிக்கொண்டே பள்ளம் இருக்கிற பக்கமாகக் கூட நடந்தது. பினாங்கில், பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே இதை எழுதினாய். ஓர் அத்தியாயம் முடிந்ததும் கூட வேலை செய்யும் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாய். அவர்கள் அடுத்தது எப்போது என்று உன்னைப் பிடுங்கி எடுப்பார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன். இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவன். இரண்டும் பெட்டி பிரிக்காமல் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எழுத்தாளர் சங்கத்தில் எனக்கு வரவேண்டிய பொறுப்பை யாருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், பரிசுக் குழுவில் என் பெயரை யார் அடித்தார்கள், எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றுவரை ஒருவரையும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை இறக்கி வைக்க எனக்குக் கிடைத்த இடம் உன் கரடிதான்.

பெரியவர் ஒருவரின் அணிந்துரை இல்லாமல் புத்தகம் போட நம்மவர்களுக்குத் துணிவு வராது. நீயும் கடைசி அத்தியாயத்தை மட்டும் தோழிகளுக்கு அனுப்பாமல், எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து, உன் வீடு இருந்த சுங்கை பினாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய்.

"அண்ணே, நீங்க எழுதிக் குடுத்தா போதும்லா. வேற யாரும் வேணாம்."

உன் கடைசி அத்தியாயத்தில் பவளத்துக்கு முடி சூட்டுகிறார்கள். கரடியைச் சங்கிலியில் கட்டச் சொல்கிறது அரசவை. அவள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு உறுமியோடு காட்டுக்குள் நடந்துவிடுகிறாள். அதுவோ வழியெல்லாம் அவளைத் திட்டுவதுபோல் உறுமிக்கொண்டே போகிறது. படித்து முடித்ததும் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் எழுதிய ஒருத்தி என்னை இரண்டு தடவை படிக்க வைப்பதா?

"சின்னப் பிள்ளைங்க கதை மாதிரி இருக்கு. அவளுக்கு வர்ற அம்பை வாங்கிக்கிட்டு கரடி சாகணும். அப்பதான் இலக்கியம்," என்றேன்.

"ஐயோ, அது சாகாதுண்ணே. அது அவள விட்டுட்டுப் போகாது."

"அப்ப அணிந்துரையை வேற ஆள்கிட்ட கேட்டுக்க."

நீ அந்தப் பக்கங்களை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாய். ஒரு வாரம் கழித்துப் புதிய அத்தியாயத்தோடு வந்தாய். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாய்.

"கொன்னுட்டேண்ணே. இப்ப எழுதித் தருவீங்களா?"

எழுதித் தந்தேன், நான்கு பக்கம். முடிவில் தெரியும் முதிர்ச்சியைத் தனியாகப் பாராட்டியிருந்தேன்.

வெளியீட்டு விழா முடிந்ததும் உன் தொழிற்சாலைத் தோழி மலர் அக்கா உன்னைப் பிடித்துக்கொண்டார். "என்னாடி செல்வி, கரடிய ஏன் கொன்னே? நீ அனுப்புன கடைசி அத்தியாயத்தப் படிச்சு பஸ்ஸே எழவு வீடு மாதிரி ஆயிருச்சு. நல்லா இருப்பியா நீ?" பக்கத்தில்தான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "கதை அப்படி வந்துருச்சுக்கா" என்று சிரித்தாய். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

அதற்குப் பிறகு நீ எதையும் எழுதவில்லை. கேட்டால் சிறுநீரகம், டயாலிசிஸ், களைப்பு என்றாய். அது மட்டும்தான் காரணமா?

உன் மகள் யாழினி இப்போது பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். கார் வாங்கிவிட்டாள். போன வாரம் என்னை ஜெலுத்தோங்கில் ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொன்னாள்.

"மாமா, அம்மா முதல்ல வேற முடிவு எழுதினாங்களாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. புதுப் பதிப்புல அதைத்தான் போடணும்னு எனக்கு ஆசை. போன்ல பழசை அழிச்சுட்டு அதுலயே மாத்தி எழுதிட்டாங்க போல, அங்க இல்லலா. உங்ககிட்ட இருக்கா?"

"இல்லை" என்றேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னேன்.

நீ முதலில் எழுதிய அந்த அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்களும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. அவற்றைக் கொடுத்தால் ஓரத்தில் சிவப்பு மையில் 'கரடியைக் கொல்' என்று நான் எழுதியதும் கூடவே போகும். யாழினி பார்த்துவிடுவாளே.

"பரவால்ல மாமா," என்றாள். "அந்தக் கரடியே நீங்கதானாமே. அம்மா உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"நானா?"

"ஆமாலா. ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப எப்பவும் லாரி வர்ற பக்கமா நீங்கதான் நடப்பீங்களாம். திட்டிக்கிட்டேதான் வருவீங்களாம், ஆனா கைய விட மாட்டீங்களாம். உறுமியும் பள்ளத்துப் பக்கமாதானே நடக்கும்?"

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஏழு. நான் அதை மறந்தே போயிருந்தேன். புத்தகம் முழுக்க நீ என்னை எழுதியிருக்கிறாய். தமிழ் படித்த எனக்கு அது தெரியவில்லை. 'அது சாகாதுண்ணே' என்று நீ பதறியபோதும் தெரியவில்லை.

இதைக் கேட்ட பிறகும் நான் யாழினியிடம் உண்மையைச் சொல்லவில்லை, செல்வி. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேவலம். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றாள். தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை இழுப்பறையைத் திறந்தேன். என் சிவப்பு மை தெரியாமல் புதிதாகத் தட்டச்சு செய்து, தேடியதில் கிடைத்தது என்று கொடுத்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். உன் அண்ணன் அப்படிப்பட்டவன், உனக்குத் தெரியாததா? இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போய்விட்டால் அதற்கு வழி இருக்காது. அதனால்தான் முதலில் இதை அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி வீட்டுக்குப் போவேன். பக்கங்களை அப்படியே, என் கிறுக்கலோடு, அவள் கையில் கொடுப்பேன். அவள் என் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால், வாசலில் வைத்துவிட்டு வருவேன். புதுப் பதிப்பில் என் அணிந்துரை வராது. நீ எழுதிய முடிவு வரும். அதில் ஒரு வரியைக்கூட நான் தொடமாட்டேன்; இது சத்தியம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட இல்லாத,
உன் கூடப்பிறந்தவன்,
கதிரேசன்