துணிப்பையில் நிற்காத தூசி

பௌர்ணமிக்கு மறுநாள், வியாழன்.

மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். காலையில்தான் வந்தாள். பிள்ளைக்கு இளைப்பு. வீட்டை ஒட்டின என் மரப்பட்டறையின் தூசி அடங்கினால்தான் இங்கே இருப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அதற்காகத்தானே தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கினேன்? இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு பெரிய மோட்டார் யாரிடமும் கிடையாது. ஓடவிட்டால் மலையே கொஞ்சம் அசையும்.

ஓடவிட்டுக் காட்டினேன். மரச்சீவலெல்லாம் சட்டென்று உள்ளே போயிற்று. "பாத்தியாம்மா!" என்றேன். அவள் கூடத்துக்குப் போய்த் தொட்டில் கம்பியில் விரலைத் தேய்த்து நீட்டினாள். மாவு மாதிரி தூசி ஒட்டியிருந்தது.

"சீவலைத் துடப்பத்துலயே வாரிடலாம் மாமா. புள்ள நெஞ்சுக்குள்ள போறது இதுதான். மெஷினோட துணிப்பை வழியா வெளிய வந்துடுது பாருங்க."

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அவள் அம்மா வீட்டில் ஏதோ விசேஷம் என்று சொல்லிவைத்தேன்.

பொடித்தூசியைப் பிடிக்கிற வடிகட்டி தனியாக உண்டு. மெஷின் வாங்கின அன்றே கடைக்காரன் எடுத்துக் காட்டினான். "தொழில் தெரியாதவனுக்குக் காட்டுப்பா இதெல்லாம்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தவன் நான். நாளைக்கு அவனிடமே போய் அதைக் கேட்க வேண்டும். அந்த நாலு பேர் மட்டும் அங்கே இருக்கக் கூடாது, அண்ணாமலையாரே.